வாக்கிய வாசலின் காவலர்கள்

மனிதர்களில் ஓர் இனம் இருக்கிறது. அவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. எழுதிய காகிதம் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுச் சற்று விலகி நின்றால் போதும், தாமாகவே வந்து சேருவார்கள். மூக்குக் கண்ணாடி இறங்கும், உதடு குவியும், கை தன்னிச்சையாகக் கைப்பைக்குள் போகும், அங்கிருந்து ஒரு சிவப்புப் பென்சில் வெளிவரும். காகிதத்தில் இருப்பது பிறந்தநாள் வாழ்த்தா, இரங்கல் செய்தியா, காணாமற்போன நாயைப் பற்றிய அறிவிப்பா என்பதெல்லாம் இவர்களுக்குப் பொருட்டே அல்ல. வாக்கியம் எந்தச் சொல்லில் தொடங்குகிறது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஆங்கிலத்தில் ஏழு சிறு சொற்கள் உண்டு. 'அண்ட்', 'பட்', 'ஆர்', 'ஸோ' என்று நாள் முழுவதும் நம் வாயில் புழங்குபவை நான்கு. 'ஃபார்', 'நார்', 'யெட்' என்று ஞாயிற்றுக்கிழமை வேத வாசிப்பின்போது மட்டும் நல்ல உடை உடுத்தி வெளியே வருபவை மூன்று. சொல்லோடு சொல்லை, வாக்கியத்தோடு அதற்குச் சமமான இன்னொரு வாக்கியத்தைக் கைகோக்கச் செய்வதே இந்த இணைப்புச் சொற்களின் பிழைப்பு. 'அப்புறம்', 'ஆனால்', 'அல்லது', 'அதனால்' என்று நாம் பேச்சினூடே மூச்சு வாங்கிக்கொள்கிறோமே, அவைதாம். யாருக்கும் தீங்கு நினைக்காத எளிய உழைப்பாளிகள். இவர்கள்மேல் ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் வன்மம் பாராட்ட முடியுமா?

முடியும். நான் பார்த்திருக்கிறேன்.

வாசற்காவலர்களின் சட்டம் மூன்று பிரிவுகள் கொண்டது. இணைப்புச் சொல் இருவருக்கு நடுவே நிற்கப் பிறந்தது. ஆகையால் வாக்கியத்தின் தலைவாசலில் அது நிற்கக் கூடாது. இருபுறமும் முழு வாக்கியங்கள் இருந்தால் அதற்கு முன்னே ஒரு காற்புள்ளி இட வேண்டும். இல்லையென்றால் இட்ட காற்புள்ளியைப் பிடுங்கி எறிய வேண்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டாவது 'அண்ட்' தலைகாட்டினால், காவல் துறையை அழைப்பதுபோல் உடனே முற்றுப்புள்ளியை அழைத்துவிட வேண்டும். இவற்றில் முதலாவது சட்டமே அல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கட்டுக்குள் வைக்க யாரோ கிளப்பிவிட்ட பயமுறுத்தல்தான் என்று இலக்கணம் தெரிந்தவர்கள் பொறுமையாக எடுத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அந்தப் பதிலை 'ஆனால்' என்று தொடங்கிவிடுகிறார்கள். அத்துடன் விவாதம் முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் நடுவிலுள்ள எங்கள் அயோவா மாநிலத்தில் மாவட்டத்துக்கு ஒருவராவது இந்த இனத்தில் இருப்பார். எங்கள் ஹாவர்காம்ப் குடும்பத்துக்குக் கொடுத்துவைத்தது ஆர்டித் அத்தை. என் தந்தையின் தங்கை. வயது எழுபத்து நான்கு. முப்பத்தாறு ஆண்டுகள் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் போதித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளியிலிருந்துதான், பென்சிலிலிருந்து அல்ல. தேவாலயத்து வாரச் செய்தித்தாள் அவர் கையில் நுழைந்து வெளியேறும்போது அம்மை போட்டதுபோல் இருக்கும். தேவாலயத்தின் அடித்தளச் சமையலறையில், "பாத்திரத்தைக் கழுவி வையுங்கள். அப்புறம் விளக்கை அணையுங்கள்" என்று யாரோ ஒட்டியிருந்த சீட்டில், முற்றுப்புள்ளியை அழித்து, இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாகத் தைத்து, காற்புள்ளி இட்டு, கீழே தேதியும் போட்டு வைத்தவர் அவர். விளக்கு என்னவோ அன்றும் எரிந்துகொண்டுதான் இருந்தது. தன் கணவர் இறந்தபோது வந்த ஆறுதல் அட்டைகள் அனைத்தையும் ஒரு வாரத்தில் திருத்தி முடித்தார் என்றால், அது துக்கத்தின் ஒரு வகை என்று கருதி எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டோம். இருந்திருக்கக் கூடாது.

இந்த இனத்தாருக்கென்று சில மந்திரங்கள் உண்டு. "நான் குத்தம் சொல்லல, சும்மா கண்ணுல பட்டுது" என்பது முதலாவது. "நீ சொல்றது சரிதான், சொல்ற விதத்தத்தான் சொல்றேன்" என்பது இரண்டாவது. நீங்கள் மறுத்துப் பேச வாயெடுத்தால் மூன்றாவது வரும்: "உனக்காகத்தான் சொல்றேன்." இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு ஒரு மனிதன் மறுபடி பேனாவைத் தொடுவான் என்றா நினைக்கிறீர்கள்?

வெர்லின் சித்தப்பா தொட்டார். அத்தைக்கு ஐந்து வயது இளைய தம்பி. சோயாவும் சோளமும் பயிரிடுபவர். மனைவி மேரியனை இழந்து மூன்று ஆண்டுகளாகத் தனியே இருந்தவர். அவருடைய வாக்கியங்கள் சரக்கு ரயில்களைப் போன்றவை. தண்டவாளத்தின் இந்தப் பக்கம் காரை நிறுத்திவிட்டுப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடைசிப் பெட்டி எப்போது வரும் என்று ஓட்டுபவருக்கே தெரியாது.

இவர்கள் இருவரும் மோதிக்கொண்ட களம், எங்கள் குடும்பத்தின் சுற்றுக் கடிதம். ஹாவர்காம்ப் வீடுகள் எட்டு. ஒரு தடித்த பழுப்பு உறை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தபாலில் போய்க்கொண்டே இருக்கும். அது வந்ததும் எல்லோர் கடிதங்களையும் படித்துவிட்டு, சென்ற சுற்றில் நீங்கள் வைத்த கடிதத்தை வெளியே எடுத்து, புதியதை வைத்து, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஒரு சுற்று முடியப் பதினொரு வாரம் ஆகும். இந்த வழக்கம் நாற்பத்தோர் ஆண்டுகளாக நடக்கிறது. வெளியே எடுத்த பழைய கடிதங்கள் யாவும் குடும்ப ஆவணங்களைப் பேணும் என்னிடம் வந்து சேரும். ஒவ்வொன்றிலும் அத்தையின் சிவப்பு இருக்கும்.

இந்தக் கடிதத்துக்கு எழுதாத சில ஒழுங்குகள் உண்டு. உறையில் வைத்துவிட்டால் எட்டு வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது என்று பொருள். அதையே மறுபடி தொலைபேசியில் சொல்வது தற்பெருமை. ஒருவர் எழுதிய செய்தியை, உறை போய்ச் சேருமுன்னே இன்னொருவரிடம் வாய்விடுவது திருட்டுக்குச் சமம். பதில் சொல்ல வேண்டுமானால் அடுத்த சுற்றில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு அடக்கம் என்று பெயர். வெளியூரார் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

சென்ற மார்ச் மாத நடுவில் வெர்லின் சித்தப்பா உறையில் வைத்த கடிதம் இது:

"பனி உருகிடுச்சு, அப்புறம் கொட்டகைக் கூரை ஒழுகுது, அப்புறம் இடது முட்டி பரவாயில்ல, ஆனா இப்ப வலது முட்டி ஆரம்பிச்சிருக்கு, அப்புறம் டிராக்டருக்கு முன்னாடி டயர் ரெண்டும் மாத்தியாச்சு, அப்புறம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுற ட்வைலா ஹோல்ம்பெர்க்க உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம், ஜூன் பதினாலு சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு இங்க லூத்தரன் சர்ச்சுல, அப்புறம் எல்லாரும் வரணும், அப்புறம் ஒண்ணும் கொண்டு வர வேண்டாம், ஆனா கொண்டு வந்தே தீருவோம்னா உருளைக்கிழங்கு சாலட் கொண்டு வாங்க, அப்புறம் பூனை குட்டி போட்டிருக்கு, நாலு."

அவ்வளவுதான். ஒரே வாக்கியம். அவரைப் பொறுத்தவரை அது முழுமையான அழைப்பிதழ். வீட்டுக்குப் பத்து நாள் வீதம் கணக்கிட்டு, ஜூன் முதல் வாரத்துக்குள் கடைசி வீட்டுக்கும் உறை போய்விடும் என்று உறுதி செய்துகொண்டு, அடுத்த வீடான ஆர்டித் அத்தைக்கு அனுப்பிவைத்தார்.

அத்தை படித்தார். தம்பி மறுபடி மணம் முடிக்கப்போகிறான் என்பதில் அவருக்கு உண்மையான மகிழ்ச்சி. இதை அவரே பின்னர் என்னிடம் சொன்னார், நான் நம்புகிறேன். ஆனால் இப்படியா? டிராக்டர் டயருக்கும் பூனைக்குட்டிக்கும் நடுவிலா ஒரு பெண்ணை நிறுத்துவது? பென்சில் எழுந்தது. வாக்கியம் ஒன்பது துண்டானது. ஓரத்தில், "கல்யாணச் செய்தி முதலில் வர வேண்டும், முட்டி கடைசியில், பூனை தேவையில்லை" என்று குறிப்பு எழுதினார். அது நியாயமான குறிப்பு என்பதை மறுப்பதற்கில்லை. அதன் பிறகு, நாற்பத்தோர் ஆண்டுகளில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். உறையை அடுத்த வீடான எங்கள் வீட்டுக்கு அனுப்பாமல், "சுத்தமாக எழுதி நேரே எனக்கு அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடு. உனக்காகத்தான் சொல்கிறேன்" என்று ஒரு சீட்டை உள்ளே இட்டு, தம்பிக்கே திருப்பி அனுப்பினார்.

சுற்றுக் கடிதம் பின்னோக்கிப் போனது.

அதன்பின் ஏப்ரல் வந்தது, மே வந்தது, விதைப்பு வந்தது. எங்கள் வீட்டுத் தபால் பெட்டிக்கு உறை வரவில்லை. நாங்கள் கவலைப்படவில்லை, ஒருமுறை அது ஒரு குளிர்காலம் முழுவதும் யாருடைய காரின் இருக்கைக்கு அடியிலோ கிடந்திருக்கிறது. வெர்லின் சித்தப்பாவும் கவலைப்படவில்லை. பதில்தான் அடுத்த சுற்றில் வரவேண்டியதாயிற்றே. ஆர்டித் அத்தை கவலைப்படுவாரா? தன் கடமையை முடித்தவர் கவலைப்பட்டு எங்கே கண்டிருக்கிறீர்கள்?

ஜூன் பதினான்காம் தேதி ஒன்று பதினைந்துக்கு, நீல உடையும் உருளைக்கிழங்கு சாலட்டுமாக அத்தை தேவாலயத்தில் நுழைந்தார். மணமகள் பக்கத்து வரிசைகளில் ட்வைலாவின் மகன்களும் மருமகள்களும் பேரக் குழந்தைகளும் அவர் பேருந்தில் ஏறிப் பள்ளிக்குப் போய் வளர்ந்தவர்களுமாக இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மணமகன் பக்கம் காலி. அத்தை நடு வரிசையில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தார். முன்னே பார்த்தார். எழுந்து, தம்பி காத்திருந்த சிறிய அறைக்குப் போனார். அங்கே நடந்த பேச்சை எனக்குச் சொன்னவர் ட்வைலா; பக்கத்து அறையில் தலைமுடிக்குக் கொண்டை ஊசி செருகிக்கொண்டிருந்த அவருக்குச் சுவர் ஒரு தடையாக இருக்கவில்லை.

"யாரும் வரமாட்டாங்கக்கா," என்றாராம் சித்தப்பா. "எனக்குத் தெரியும். மேரியன் போய் மூணு வருஷம்தான் ஆகுது. அவங்களுக்கெல்லாம் இது பிடிக்கல. நேருக்கு நேர் சொல்லக் கஷ்டப்பட்டுட்டு பேசாம இருந்துட்டாங்க. போகட்டும். நீ வந்தியே."

"வெர்லின், அந்த உறைய எப்ப அனுப்பின?"

"மார்ச்லதான். உனக்குத்தானே வந்துது."

"நான் திருப்பி அனுப்பினேனே, அத."

"அத எங்க பிரிச்சேன்? உன் கையெழுத்தப் பாத்தேன், தடிமனப் பாத்தேன், சுத்து உறை அந்தப் பக்கம் போயாச்சு, இது நீ பக்கம் பக்கமாத் திருத்தி எனக்குத் தனியா அனுப்பினதுன்னு நெனைச்சேன். ஃபிரிட்ஜ் மேல கெடக்கு. கல்யாணம் முடிஞ்சு, தெம்பா உக்காந்து பாக்கலாம்னு வெச்சிருக்கேன்."

அடுத்துத் தனக்குக் கேட்டது, அத்தையின் காலணி ஓசை தொலைபேசியைத் தேடி விரைவதுதான் என்கிறார் ட்வைலா.

ஒன்று இருபத்தெட்டுக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அத்தையின் தொலைபேசிப் பேச்சைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அதில் எழுவாய் வரும், பயனிலை வரும், முற்றுப்புள்ளி விழும் ஓசைகூடக் கேட்கும். பல் வலிக்கிறது என்பதைக்கூட அவர் பத்தி பிரித்துத்தான் சொல்வார். அன்று வந்தது இது:

"வெர்லினுக்குக் கல்யாணம், இன்னிக்கு, ரெண்டு மணிக்கு, அப்புறம் உங்க யாருக்கும் தெரியாது, அப்புறம் அது என்னாலதான், அப்புறம் உங்களுக்கெல்லாம் பிடிக்கலன்னு அவன் நெனைச்சுட்டு ஒரு நாற்காலில உக்காந்திருக்கான், அப்புறம் நீ எல்லாரையும் கூப்பிடு, அப்புறம் துணி மாத்தாத, எதையும் மாத்தாத, ஆனா வா."

"அத்தை, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றேன். இப்படிப் பேசுபவருக்கு வேறென்ன இருக்க முடியும்?

"வான்னா வா," என்று வைத்துவிட்டார்.

நாற்பது மைல். மீதி ஐந்து வீடுகளில் நான்கு காரில் வந்துவிடக்கூடிய தொலைவு; ஐந்தாவது, மேற்குக் கடற்கரையோர ஓரிகன் மாநிலத்தில். எல்லோரையும் அழைத்தேன். ஒவ்வொருவரும் முதலில் கேட்டது, உறை எங்கே என்பதுதான். கல்யாணத்தை அதன் பிறகே விசாரித்தார்கள்.

தேவாலயத்தில் போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். மணமகன் வீட்டாருக்காகக் காத்திருக்கலாமா, இவ்வளவு பேரை உட்கார வைத்துக்கொண்டு எப்படி என்று மணமகளிடம் மெதுவாகக் கேட்டார். "காத்திருப்போம் பாஸ்டர்," என்றாராம் ட்வைலா. "என் மொதக் கல்யாணம் டாண்ணு சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சுது. அதுல நல்லதுன்னு சொல்ல அந்த ஒண்ணுதான் இருந்துது." ஆர்கன் வாசித்தவர் தமக்குத் தெரிந்த மூன்று கீதங்களையும் வரிசையாகவும், தலைகீழாகவும், பிறகு மெதுவாகவும் வாசித்தார்.

மூன்று ஐந்துக்குள் நாங்கள் வந்து சேர்ந்தோம். இன்னொரு சித்தப்பாவின் மகன் கென்ட் பந்தாட்டச் சீருடையில், முழங்கால் நிறையச் சிவப்பு மண்ணோடு வந்தான். பெரியப்பா மகள் ரோஸ்லின் தோட்டத்துக் காலணியோடு வந்தாள். ஓரிகன் வீட்டார் யாருடைய கைப்பேசியிலோ ஒலிபெருக்கி வழியே வந்து, முதல் வரிசையில் ஒரு பாட்டுப் புத்தகத்தின்மேல் இடம் பிடித்தார்கள். வெர்லின் சித்தப்பா பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார், மணமகன் பக்கத்து வரிசைகளை ஒருமுறை முழுவதும் பார்த்தார், "மழை வருமோ?" என்று கென்டிடம் கேட்டார். மழை வரும் என்பதற்கு வானத்தில் ஓர் அடையாளமும் இல்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் அழுவதற்குப் பதில் கேட்கும் கேள்வி அது. மூன்று பத்துக்கு மணம் நடந்தது. ஆவணத்தில் அவ்வாறே பதிந்திருக்கிறேன்.

இனி, நீங்கள் கவனிக்க வேண்டிய இடம்.

அடித்தளக் கூடத்தில் விருந்து. பன்றித் தொடை இறைச்சி வைத்த சின்ன ரொட்டிகள், அத்தை கொண்டுவந்த சாலட், ட்வைலாவின் மருமகள்கள் கொண்டுவந்த இன்னும் ஐந்து சாலட்கள், பெரிய பாத்திரத்தில் காப்பி. எல்லோரும் உண்டு முடிக்கும் தறுவாயில் வெர்லின் சித்தப்பா எழுந்து நின்றார். தனக்குப் பேச வராது என்றார். அப்புறம் பேசினார். அப்புறம் பேசிக்கொண்டே இருந்தார். முதல் 'அப்புற'த்திலேயே ஹாவர்காம்ப் கண்கள் அத்தனையும் அத்தையின் பக்கம் ஓரமாகத் திரும்பின. அவர் கைப்பையைத் தொடவில்லை. இரண்டு கைகளாலும் காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தது நடக்காதபோது மனிதர்கள் தாமே அதைச் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். மேசைக்கு அடியில் என் விரல்கள் மடிவதை நான் உணர்ந்தேன். எதிரே கென்டின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சித்தப்பா உட்கார்ந்தார், கைதட்டல் எழுந்தது, அந்த ஓசையின் நடுவே ரோஸ்லின் என் பக்கம் சாய்ந்தாள்.

"இருபத்தாறு," என்றாள்.

"இருபத்தேழு," என்று நான் திருத்தினேன். "நடுவுல ஒண்ண முழுங்கிட்டாரு."

மறு வாரம் கல்யாணக் குறிப்பை எழுத உட்கார்ந்தபோது, சித்தப்பா அந்தப் பேச்சை எப்படி முடித்தார் என்று குறிக்க வேண்டியிருந்தது. எனக்கு நினைவில்லை. ரோஸ்லினுக்கு நினைவில்லை. கென்டிடம் கேட்டேன், அவனுக்கு எண்ணிக்கைதான் தெரிந்தது, அதுவும் தவறு. கடைசியில் அத்தையை அழைத்தேன்.

"சாப்பாட்டு மேசையில மறுபடி ரெண்டு தட்டு வைக்கறது மனசுக்கு நல்லா இருக்கு, அப்புறம் மேரியன் இருந்தா அவளே அந்த ரெண்டாவது தட்ட எடுத்து வெச்சிருப்பான்னு சொன்னான்," என்றார் அத்தை. "நீயும் அங்கதானே இருந்த? என்ன பண்ணிட்டிருந்த?"

எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அயோவாவில் ஒரு கிழவிக்கு இப்படியொரு வியாதி என்று நீங்கள் இப்போது சிரித்துக்கொண்டிருக்கக் கூடும். அதில் தவறில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் 'ஆனால்' என்று தொடங்கும் வாக்கியங்கள் சில இருக்கின்றன. ஆனால் அவை எத்தனை என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தால், உங்கள் பென்சிலின் நிறம் என்ன என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாமல், இப்போதுதான் மேலே திரும்பிப் போய் எண்ணப் போகிறீர்கள் என்றால், போய் வாருங்கள், அவசரமில்லை. ரோஸ்லின் அங்கேதான் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.